யூத வழிபாட்டில் தியானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத சமயத்தில் தியானம் என்று ஒன்று உண்டா?

உண்டு. ஆனால் அதற்கென்று தனி மண்டபமோ, ஆசனமோ, தீட்சையோ கிடையாது. அதனால்தான் வெளியே இருந்து பார்ப்பவர் கண்ணில் அது படுவதில்லை. பிரார்த்தனைக்குள்ளும், வேதம் ஓதுவதற்குள்ளும், சாப்பாட்டுக்கு முன் முணுமுணுக்கும் ஒரு வரி வாழ்த்துக்குள்ளும் அது கலந்திருக்கிறது. ஒரு யூதர் தினமும் மூன்று வேளை நின்றபடி சொல்லும் ‘அமிதா’ என்ற பிரார்த்தனையின் முடிவில் 19ஆம் சங்கீதத்தின் கடைசி வரி வரும்: “என் வாயின் வார்த்தைகளும், என் இருதயத்தின் தியானமும், உமது சமுகத்தில் பிரீதியாயிருப்பதாக.” தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்குப் பழகிய வரிதான். வாய் சொல்வதும் உள்ளம் நினைப்பதும் ஒன்றாக இருக்கட்டும் என்ற இந்த வேண்டுதலுக்குள்ளேயே யூத தியானத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது என்பது என் புரிதல். கீழே வருகிற பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியே இருக்கும்.

கவானா, கவானா என்கிறார்களே, அது என்ன?

சொல்லுகிற சொல்லில் மனம் நிற்பது. யார் முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்து சொல்வது. இதைப் பக்தி மிகுந்தவர்களின் விருப்பம் என்று விட்டுவிடாமல் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிதீஸ் (1138–1204) தம் சட்டத் தொகுப்பில், கவானா இல்லாத பிரார்த்தனை பிரார்த்தனையே ஆகாது என்கிறார். பயணக் களைப்பிலோ மனக்கலக்கத்திலோ இருப்பவன், மனம் தெளியும் வரை பிரார்த்தனையைத் தள்ளிப்போட வேண்டும் என்பதும் அவர் வாக்கே.

பின்னால் வந்தவர்கள் மனித இயல்பைக் கண்டு கொஞ்சம் இறங்கிவந்தார்கள். அமிதாவின் முதல் வாழ்த்திலாவது மனம் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும் என்று விதி செய்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் இருந்த ரபி (யூத சமய ஆசான்) மோஷே இஸர்லெஸ் அதற்கு ஒரு குறிப்பு சேர்த்தார்: இந்தக் காலத்தில் யாரும் திரும்பச் சொல்வதில்லை, ஏனெனில் இரண்டாம் முறை சொன்னாலும் மனம் நிற்கப்போவதில்லை. சட்டநூலுக்குள் இப்படி ஒரு கனிவைப் பார்க்கும்போது இந்த மரபின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

மனம் அலைபாய்வது ரபிகளுக்கும் உண்டா?

ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த எருசலேம் தல்மூதில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. பெரிய ரபி ஹிய்யா சொல்கிறார்: என் வாழ்நாளில் ஒருமுறையும் மனம் குவிந்ததில்லை. ஒருநாள் குவிக்கப் பார்த்தேன். அரசன் முன்னால் முதலில் போகிறவர் யார், படைப் பிரபுவா, நாடுகடந்த யூதர்களின் தலைவரா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஷ்முவேல் என்பவர், நான் பறவைக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்கிறார். இன்னொருவர் சுவரின் கல்வரிசைகளை எண்ணினாராம். ரபி மத்தனியா சொன்னது எல்லாவற்றையும் விட அருமை: என் தலைக்கு நான் நன்றி சொல்கிறேன், நன்றி வாழ்த்து வரும் இடத்தில் அது தானாகக் குனிந்துகொள்கிறது.

அந்தக் காலத்தின் மிகப் பெரிய அறிஞர்கள் இவர்கள். இப்படி வெளிப்படையாகப் பேசியதை ஒருவரும் மறைக்கவில்லை, புனித நூலிலேயே பதிந்துவைத்தார்கள். உடல் பழகிய வணக்கம் மனம் தவறிய இடத்திலும் கைகொடுக்கும் என்ற எண்ணம் அந்தக் கடைசி வாக்கில் இருக்கிறது.

அலையும் எண்ணத்தை என்ன செய்வது என்பதில் 18ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய கருத்து வேறுபாடு எழுந்தது. ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவ் (இறப்பு 1760), அந்நிய எண்ணத்தை விரட்டாதே, அதற்கும் ஓர் இறை வேர் உண்டு, அந்த வேருக்கு அதை உயர்த்து என்று கற்பித்தார். அவருடைய வழியில் வந்த லியாதி ஊர் ஷ்னியோர் சல்மான் (1745–1812) அது உயர்ந்த ஞானிகளுக்கு மட்டுமே ஆகும் என்றார். நம்மைப் போன்றவர்கள் அந்த எண்ணத்துக்குப் பதில் சொல்லாமல், கேளாதவர்போல் இருந்து, கவானாவை இன்னும் கூட்ட வேண்டும் என்பது அவர் முடிவு. நடைமுறைக்கு ஒத்துவருவது இரண்டாவது யோசனை என்றே எனக்குப் படுகிறது.

ஒரு சாதாரண யூதரின் நாளில் இது எங்கெல்லாம் வருகிறது?

கண் விழித்ததும், படுக்கையில் இருக்கும்போதே, உயிரைத் திருப்பித் தந்ததற்கு நன்றி சொல்லும் சின்ன வாக்கியம் ஒன்று உண்டு. அதன்பின் நாள் முழுக்க வாழ்த்துகள். ரொட்டிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, இடி கேட்டால் ஒன்று, வானவில் தெரிந்தால் ஒன்று. கழிப்பறைக்குப் போய்வந்தபின்கூட, உடலின் துளைகளும் குழாய்களும் தத்தம் வேலையைச் செய்வதற்கு ஒரு நன்றி வாழ்த்து இருக்கிறது. ஒரு நாளைக்கு 100 வாழ்த்துகள் சொல்ல வேண்டும் என்பது ரபி மெயீரின் போதனை. ஒவ்வொன்றும் சில நொடிதான். சேர்த்துப் பார்த்தால் விழித்திருக்கும் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மனம் நிறுத்தப்படுகிறது.

காலையும் இரவும் ‘ஷெமா’ சொல்கிறார்கள். “இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்” என்ற உபாகம வசனம் அது. வலக்கையால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ‘ஒருவர்’ என்று பொருள்படும் ‘எஹாத்’ என்ற கடைசிச் சொல்லை இழுத்துச் சொல்ல வேண்டும். ஏழு வானங்களிலும் பூமியிலும் நான்கு திசைகளிலும் அவன் ஒருவனே என்று நினைத்து முடிக்கும் அளவுக்கு அது நீள வேண்டும் என்று சட்டநூல் அளவுகூடக் கொடுக்கிறது. ரோமானியர்கள் இரும்புச் சீப்பால் தோலைக் கிழித்தபோது ரபி அகிவா ஷெமா சொல்லிக்கொண்டிருந்தார், ‘எஹாத்’தை நீட்டியபடியே உயிர் பிரிந்தது என்கிறது தல்மூத். ஒவ்வொரு இரவும் படுக்கப்போகும் குழந்தை சொல்வதும் அதே வசனம்தான்.

அமிதாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வார நாட்களில் 19 வாழ்த்துகள், ஓய்வுநாளில் 7. மூன்று அடி முன்னால் வைத்து, எருசலேமை நோக்கி, பாதங்களை ஒட்டி நிற்க வேண்டும். தேவதூதர்களின் கால்கள் அப்படி நேராக ஒன்றாயிருந்தன என்று எசேக்கியேல் கண்டதாக வருவதால் இந்த நிலை. உதடு அசைய வேண்டும், குரல் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது. பிள்ளைக்காக அழுத அன்னாள் சீலோவில் செய்ததுபோல. நூறு பேர் கூடிய ஜெப ஆலயத்தில் அந்தச் சில நிமிடங்கள் மெல்லிய சலசலப்பு மட்டுமே இருக்கும். அப்போது ஒவ்வொருவரும் கூட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்கிறார்கள். அரசனே வந்து நலம் விசாரித்தாலும் பதில் சொல்லாதே, காலில் பாம்பு சுற்றினாலும் நிறுத்தாதே என்பது, தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் கட்டளை. கடிக்கிற வகைப் பாம்பாக இருந்தால் நகரலாம் என்று பின்வந்தவர்கள் விளக்கம் தந்தார்கள்.

படிப்படியான பயிற்சி ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா?

மைமோனிதீஸ் தம் தத்துவ நூலின் மூன்றாம் பாகத்தில், முடிவை ஒட்டிய ஓர் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். அரிஸ்டாட்டிலை வாசித்த, மருத்துவராகவும் இருந்த ஒரு தர்க்கவாதியிடமிருந்து இப்படி ஒரு பயிற்சிக் குறிப்பு வருவது பலருக்கு வியப்பு. முதலில் ஷெமாவைச் சொல்லும்போது மட்டும் மனத்தை வேறெதிலும் விடாதே என்கிறார். இது சில ஆண்டுகள் பழகியபின், வேதம் வாசிக்கும்போதும் கேட்கும்போதும் அதே குவிப்பு. அடுத்து மற்ற எல்லா வாழ்த்துகளிலும். உலக விவகாரங்களை எப்போது யோசிப்பது? சாப்பிடும்போதும், குளிக்கும்போதும், மனைவி மக்களுடன் பேசும்போதும் யோசித்துக்கொள். ஆனால் யாரும் அருகில் இல்லாதபோதும், படுக்கையில் தூக்கம் வராமல் கிடக்கும்போதும், அந்த அரிய நேரத்தை இறைவனோடு இருப்பதைத் தவிர வேறெதற்கும் செலவிடாதே.

வேலையும் குடும்பமும் உள்ளவனுக்காக எழுதப்பட்ட பயிற்சி இது. காட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

பிரார்த்தனையின்போது ஏன் முன்னும் பின்னும் ஆடுகிறார்கள்?

இதற்குப் பழைய விளக்கங்கள் பல. ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் யூதா ஹலேவி 12ஆம் நூற்றாண்டில் சொன்னது மிக எளிமையானது: புத்தகங்கள் அரிது, பத்துப் பேர் ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து முறைவைத்துக் குனிந்து படித்தார்கள், அது பழக்கமாகிவிட்டது. யூத மறைஞான மரபான கபாலாவின் மூலநூலான சோஹார், இஸ்ரவேலரின் ஆன்மா திரியில் பற்றிய சுடர்போன்றது, வேதச்சொல் பட்டதும் அது அசைகிறது என்கிறது. எல்லாரும் ஆட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அசையாமல் நின்றவர்களும் உண்டு.

குறிப்பிட்ட ஆசனம், மூச்சுப் பயிற்சி, ஜபமாலை?

ஜபமாலை கிடையாது. பொதுவான ஆசனமும் கிடையாது. கர்மேல் மலையில் மழைக்காகக் காத்திருந்த எலியா முகத்தை முழங்கால்களுக்கு இடையில் வைத்தார். ரபி ஹனினா பென் தோசாவும் அப்படியே அமர்ந்து நோயாளிக்காக வேண்டினார் என்று தல்மூத் சொல்கிறது. இன்று காலைத் தொழுகையில் ‘தாலித்’ என்ற போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வது ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. துணிக்குள் ஒரு சின்ன அறை உண்டாகிவிடுகிறது.

சில ஜெப ஆலயங்களின் முன்சுவரில் இறைவனின் நான்கெழுத்துப் பெயரைப் பெரிதாக எழுதிய பலகை தொங்கும். “கர்த்தரை எப்பொழுதும் எனக்கு முன்பாக வைத்திருக்கிறேன்” என்ற 16ஆம் சங்கீத வசனம் அதில் இருப்பதால் அந்த வசனத்தின் முதல் சொல்லான ‘ஷிவிதி’ என்பதே பலகைக்கும் பெயர். உருவம் வைக்கக் கூடாது என்ற சமயத்தில் கண் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமானால் எழுத்துதான் மிஞ்சும். அந்தப் பெயரை வாயால் உச்சரிக்கக் கூடாது, பார்க்கலாம், நினைக்கலாம்.

மூச்சுப் பயிற்சி பெரும்போக்கில் இல்லை. அபுலாஃபியாவிடம் உண்டு. அவரைப் பற்றிக் கீழே.

இது எவ்வளவு பழையது?

ஈசாக்கு சாயங்காலத்தில் வெளியிலே தியானம் பண்ணப் போனான் என்று ஆதியாகமம் சொல்கிறது. பிற்பகல் தொழுகையை ஏற்படுத்தியவர் அவரே என்று தல்மூத் அந்த வசனத்தை விளக்கும். அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் வருவது உறுதியான சான்று. ‘முற்காலப் பக்தர்கள்’ பிரார்த்தனைக்கு முன் ஒரு மணி நேரம் சும்மா காத்திருந்து, உள்ளத்தை வானத்துத் தந்தையின்பால் திருப்பியபின்பே தொடங்கினார்கள் என்கிறது அது. பின்னாலும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள் என்று தல்மூத் சேர்க்கிறது. மூன்று வேளைக்கும் கணக்கிட்டால் ஒன்பது மணி நேரம். அப்படியானால் எப்போது படித்தார்கள், எப்போது வேலைக்குப் போனார்கள் என்று தல்மூத்தே கேட்கிறது. பக்தர்கள் ஆகையால் படிப்பும் காக்கப்பட்டது, வேலையும் ஆசீர்வதிக்கப்பட்டது என்பது அங்கு வரும் பதில்.

இன்னொரு ஓடையும் இருந்தது. எசேக்கியேல் கண்ட தேர்க்காட்சியை உள்ளத்தில் அடைய முயன்றவர்கள். அவர்கள் பல நாள் உபவாசம் இருந்து, தலையை முழங்கால்களுக்கு இடையில் வைத்து, துதிப்பாடல்களைத் தரையை நோக்கி முணுமுணுத்தார்கள் என்று பாபிலோனியாவின் ஹாய் காவோன் (இறப்பு 1038) எழுதியிருக்கிறார். அது ஆபத்தான வழி என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. நால்வர் மறைஞானம் என்ற சோலைக்குள் நுழைந்தார்கள் என்கிறது தல்மூத்: பென் அசாய் பார்த்து இறந்தார், பென் சோமா பார்த்துச் சித்தம் கலங்கினார், எலிஷா பென் அபூயா விசுவாசத்தை விட்டார், ரபி அகிவா ஒருவரே நலமாகத் திரும்பினார்.

அபுலாஃபியா யார்?

1240இல் ஸ்பெயினின் சரகோசாவில் பிறந்த ஆபிரகாம் அபுலாஃபியா, எபிரேய எழுத்துகளை வைத்தே ஒரு முழு தியான முறையை உருவாக்கினார். இறைப்பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றிச் சேர்த்து, ஒவ்வொரு உயிரொலிக்கும் ஒரு தலையசைவும் ஒரு மூச்சும் வைத்து, தனி அறையில் இரவில் செய்யும் பயிற்சி அது. மனத்தில் கட்டுண்டிருக்கும் முடிச்சுகள் அதனால் அவிழும் என்றார். நம் ஊர் வாசகர்களுக்கு மந்திர யோகம் நினைவுக்கு வரும். அவருடைய எழுத்தில் வடமொழி மரபின் நேரடித் தடயம் உண்டு என்று நான் எங்கும் உறுதியாகக் கண்டதில்லை. ஆகவே ஒப்புமையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1280இல் போப் மூன்றாம் நிக்கோலஸைச் சந்திக்கப் புறப்பட்டார். வந்தால் எரித்துவிடுங்கள் என்று உத்தரவு இருந்தது. போப் இருந்த ஊரின் வாசலை அவர் அடைந்த வேளையில் போப் இறந்துபோனார். பிரான்சிஸ்கன் துறவிகள் சில வாரம் சிறைவைத்து விட்டுவிட்டார்கள். தம்மை மெசியா (வரவிருக்கும் மீட்பர்) போலக் காட்டிப் பேசியதால் பார்சிலோனாவின் பெரும் சட்ட அறிஞர் ஷ்லோமோ இப்னு அத்ரெத் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய நூல்கள் பல நூற்றாண்டுகள் கையெழுத்துப் பிரதிகளாகவே கிடந்ததற்கு அந்தக் கண்டனமும் ஒரு காரணம்.

வேறு சமயங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டார்களா?

எடுத்தார்கள். அதைச் சொல்லத் தயங்காதவர் மைமோனிதீஸின் மகனே. தந்தைக்குப்பின் எகிப்திய யூதர்களின் தலைவரான ஆபிரகாம் (1186–1237), தம் காலத்துச் சூஃபிகளைப் பார்த்து வியந்தார். தனித்திருத்தல், இரவு விழிப்பு, நெற்றி தரையில் பட வணங்குதல் ஆகியவை பழைய தீர்க்கதரிசிகளின் வழக்கங்கள், நம் பாவத்தால் நாம் இழந்தோம், அவர்கள் காத்துவைத்திருக்கிறார்கள் என்று எழுதினார். ஜெப ஆலயத்தில் இவற்றைக் கொண்டுவர அவர் முயன்றபோது எதிர்ப்பு எழுந்து, புகார் ஆட்சியாளர் வரைக்கும் போனது. ஆனால் அவருடைய வழி சந்ததியில் சில தலைமுறைகள் தொடர்ந்தது.

மனத்தை வெறுமையாக்குவதா நோக்கம்?

பெரும்பாலும் இல்லை. வெறுமை வந்தாலும் அது வழியில் வரும் ஒரு நிலை. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆக்கோ ஊர் ஈசாக்கு ஒரு கதையைப் பதிவுசெய்திருக்கிறார். தனித்திருந்து தியானிப்பவர்களின் கூட்டத்தில் சேர ஒருவன் வந்தான். குரு கேட்டார்: மகனே, உனக்குச் சமநிலை கிட்டியதா? விளங்கச் சொல்லுங்கள் என்றான். ஒருவர் உன்னைப் புகழ்கிறார், ஒருவர் இகழ்கிறார். இருவரும் உனக்கு ஒன்றா? பழிவாங்க மாட்டேன், ஆனால் புகழ்ந்தால் மகிழ்ச்சியாகவும் இகழ்ந்தால் வலியாகவும் இருக்கிறது என்றான். போய் வா மகனே, இன்னும் உனக்கு நேரம் வரவில்லை என்று அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தில் கீதை படித்தவர்களும் சூஃபிகளும் பௌத்தர்களும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். வேறுபாடு அடுத்த அடியில் வருகிறது. சமநிலை அடைந்தவனின் எண்ணம் எதில் போய் ஒட்ட வேண்டும்? ‘தெவெகுத்’, அதாவது இறைவனைப் பற்றிக்கொண்டிருத்தல் என்பதே யூதர்களின் பதில். பற்றுகிறவனும் பற்றப்படுகிறவனும் அங்கே உண்டு. ‘நீ’ என்று அழைக்க ஒருவர் எதிரில் இருக்கிறார். ஒன்றாகக் கரைவதைப் பேசிய ஹசிதிய ஞானிகளும் உண்டுதான். அவர்களும் அடுத்த வேளைத் தொழுகைக்கு எழுந்து ‘நீ’ என்றே தொடங்கினார்கள்.

சஃபேத் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. அதன்பின் கலிலேயா மலையூரான சஃபேதில் அசாதாரணமான ஒரு கூட்டம் சேர்ந்தது. சட்டத்தைத் தொகுத்த யோசேப் காரோ, மோஷே கொர்தொவேரோ (1522–1570), ஈசாக்கு லூரியா (1534–1572). லூரியா அங்கே இருந்தது இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. தொழுகையின் ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே இறைப்பெயர்களின் சேர்க்கைகளை மனக்கண்ணில் காணும் முறையை அவர் கற்றுக்கொடுத்தார், சீடர் ஹயிம் வித்தால் எழுதிவைத்தார். அதை முழுதாகச் செய்தால் ஒரு காலைத் தொழுகைக்கு மணிக்கணக்காகும். எருசலேமின் பெத்-எல் கபாலா பள்ளியில் அந்த முறை 18ஆம் நூற்றாண்டு முதல் தொடர்ந்தது.

சட்டத்தைத் தொகுத்த காரோவே, பக்தர்கள் தனித்திருந்து உடலுணர்வு கழன்றுபோகும் அளவுக்குப் பிரார்த்தனையில் ஆழ்ந்தார்கள் என்று தம் சட்டநூலில் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. எந்த உணவை எந்தப் பாத்திரத்தில் சமைக்கலாம் என்று சொல்லும் அதே நூல்தொகுதி அது.

ஹசிதியர்களின் தியானம் எப்படிப்பட்டது?

ஒன்றல்ல, பல. இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவை எதிரெதிர்த் திசைகளில் போகின்றன.

பிரெஸ்லோவ் ஊர் ரபி நஹ்மான் (1772–1810) கற்பித்தது ‘ஹித்போதெதுத்’. தினமும் ஒரு மணி நேரம், அறையிலோ வயலிலோ, முடிந்தால் ஊர் தூங்கும் இரவில், தனியாகப் போய்ப் பேசு. புனித மொழியான எபிரேயத்தில் வேண்டாம், வீட்டில் பேசும் இத்திஷில் பேசு, ஏனென்றால் உள்ளம் உடைவது தாய்மொழியில்தான். கடன், பிள்ளையின் காய்ச்சல், பொறாமை, எல்லாவற்றையும் சொல். சொல் வரவில்லையா, சொல் வரவில்லை என்பதைச் சொல். அதுவும் முடியாவிட்டால் ‘உலகத்தின் தலைவனே’ என்ற அழைப்பை மட்டும் திரும்பத் திரும்பச் சொல். எல்லாவற்றிலும் உயர்ந்த படி இது என்றார் அவர். நஹ்மான் 38 வயதில் காசநோயால் இறந்து உக்ரைனின் உமானில் அடக்கமானார். அவருக்குப்பின் அந்தக் கூட்டம் வேறு குருவை நியமிக்கவே இல்லை. இன்றும் இஸ்ரேலின் காடுகளில் இரவில் பிரெஸ்லோவ் ஹசிதியர்கள் மரங்களுக்கு நடுவே தனித்தனியாக நின்று உரக்கப் பேசுவதும் அழுவதும் கேட்கும்.

ஹசிதியத்தின் இன்னொரு கிளையான ஹபாத் மரபின் ‘ஹித்போனெனுத்’ அறிவின் வழி. அதன் முதல் குரு ஷ்னியோர் சல்மானின் நூல் 1796இல் அச்சானது. அன்பும் அச்சமும் தாமாகப் பொங்க வேண்டும் என்று காத்திருக்காதே, இறைவனின் பெருமையை ஒரு கருத்தாக எடுத்து, அகலமும் ஆழமும் தெரியும் வரை நெடுநேரம் சிந்தி, அந்தச் சிந்தனையிலிருந்து உணர்ச்சி பிறக்கும் என்பது அதன் அடிப்படை. அவருடைய மகன் தோவ் பெர் (1773–1827) ஒரு படி மேலே போய், பிறந்தது உண்மையான உணர்ச்சியா, தன் உற்சாகத்தைத் தானே ரசிப்பதா என்று பிரித்தறிய ஒரு தனி நூலே எழுதினார். ஆடாமல் அசையாமல் மணிக்கணக்கில் நின்று தொழுவார் என்றும், முடியும்போது தொப்பியும் சட்டையும் வேர்வையில் நனைந்திருக்கும் என்றும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. தியானத்தில் நேரும் சுயஏமாற்றைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் எந்தச் சமயத்திலும் குறைவு.

இரண்டுக்கும் பொதுவானது ‘நிகுன்’ என்ற சொல்லில்லாப் பாட்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள்.

ஹசிதியத்தை ஏற்காதவர்களிடம்?

லிதுவேனியாவில் ரபி இஸ்ரவேல் சலந்தர் (இறப்பு 1883) தொடங்கிய முஸார் இயக்கம் உண்டு. கோபம், பெருமை, சோம்பல் போன்ற ஒரு குணத்தை எடுத்து, அது பற்றிய அறவாக்கு ஒன்றை அந்தி மங்கலில் ராகத்தோடு, உணர்ச்சியோடு, உள்ளே இறங்கும் வரை திரும்பத் திரும்பச் சொல்வது அவர்கள் முறை. கெல்ம் ஊர்ப் பள்ளியில் கவனத்தைப் பழக்குவதே பாடத்தின் பகுதியாக இருந்தது.

பெண்களுக்கு இதில் இடம் உண்டா?

பழைய நூல்களும் பள்ளிகளும் ஆண்களுக்கே என்று இருந்தன, மறுக்க முடியாது. ஆனால் அமைதிப் பிரார்த்தனையின் விதிகளை ரபிகள் அன்னாளிடமிருந்தே எடுத்தார்கள். கிழக்கு ஐரோப்பாவில் பெண்களுக்கென இத்திஷில் ‘த்ஹினெஸ்’ என்ற வேண்டுதல் நூல்கள் அச்சாயின, சிலவற்றைப் பெண்களே எழுதினார்கள். விளக்கேற்றும்போதும், ரொட்டி மாவு பிசையும்போதும், கல்லறைக்குப் போகும்போதும் சொல்வதற்கானவை அவை. நஹ்மான் தாய்மொழியில் பேசச் சொன்னதற்கு முன்பே இந்தப் பெண்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது என் கணிப்பு. இன்று தியானம் கற்பிக்கும் யூத ஆசிரியர்களில் பெண்கள் ஏராளம்.

வார்சாவின் ரபி ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

பியாசெச்னோ ஊர் ரபி கலோனிமுஸ் கல்மான் ஷபீரா (1889–1943). இந்தப் பக்கத்தை எழுத எனக்கு முதல் காரணம் அவரே.

வார்சாவில் பெரிய யெஷிவா (வேதப் பள்ளி) நடத்தினார். பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தால் போதாது, அவர்கள் உள்ளத்தைத் தாங்களே பார்க்கப் பழக வேண்டும் என்று நம்பினார். அவர் கற்பித்த ‘ஹஷ்கதா’, அதாவது மனத்தை அமைதிப்படுத்தும் முறை, ஒரு சீடரின் குறிப்பாக நமக்குக் கிடைத்திருக்கிறது. இடைவிடாத எண்ணங்களே நம்மை இறைவனிடமிருந்து மறைக்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்டாமல் ஒரு பக்கமாக நின்று, இப்போது என்ன நினைக்கிறேன் என்று சிறிது நேரம் பார். பார்க்கப் பார்க்க ஓட்டம் மெதுவாகும். தொடக்கத்தில் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் உதவும். அமைதி வந்தபின் ‘இறைவன் மெய்யானவர்’ என்பதுபோன்ற ஒரு வசனத்தை உள்ளே சொல். அதன்பின் உனக்குத் தேவையான ஒரே ஒரு குணத்தை, நம்பிக்கையையோ அன்பையோ, கேள்.

எண்ணத்தைச் சும்மா பார்ப்பது என்பதைப் போலந்தின் ஹசிதியர் ஒருவர் தம் மரபின் சொற்களிலேயே கண்டடைந்தார். அத்தோடு நிற்காமல், வசனத்துக்கும் வேண்டுதலுக்கும் அதைக் கொண்டுபோனார்.

1939 செப்டம்பரில் வார்சா மீது குண்டு விழுந்தபோது ஒரே மகனையும் மருமகளையும் இழந்தார். பிறகு நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த, வதைமுகாம் போன்ற வார்சா யூதச் சேரியில் 1942 வரை ஓய்வுநாள்தோறும் உரை நிகழ்த்தினார். உரைகளை எழுதிப் புதைத்துவைத்தார். போருக்குப்பின் அவை கிடைத்து 1960இல் அச்சாயின. அவரை 1943 நவம்பரில் நாஜிகள் கொன்றார்கள்.

இவ்வளவு இருந்தும் யூதர்களில் பலருக்கே ஏன் தெரியாமல் போயிற்று?

பல அடிகள் விழுந்தன. 1665இல் தம்மை மெசியா என்று அறிவித்த ஷப்தாய் ஸ்வி மறு ஆண்டே இஸ்லாத்துக்கு மாறியதும், கபாலாவின் மேலேயே அச்சம் வந்தது. 1756இல் புரோதி ஊர் ரபிகள், 30 வயதுக்கு முன் சோஹாரும் 40 வயதுக்கு முன் லூரியாவின் எழுத்தும் படிக்கக் கூடாது என்று தடைவிதித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதிகளுக்கு இதெல்லாம் வெட்கமாக இருந்தது. பிறகு நாஜிகள், வாய்மொழியாக இதைக் கைமாற்றிவந்த ஊர்களையே அழித்தார்கள். நூல் மிஞ்சினாலும் கற்றுத்தர ஆள் மிஞ்சவில்லை. எல்லாவற்றிலும் பெரிய காரணம் இதுவே.

மீட்பும் பல வழிகளில் வந்தது. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் கெர்ஷோம் ஷோலெம் கையெழுத்துப் பிரதிகளை ஆய்ந்தார். அமெரிக்காவில் இயற்பியல் படித்த ரபி ஆர்யே கப்லான் (1934–1983) அவற்றைச் சாதாரண வாசகருக்கு எழுதினார். தீர்க்கதரிசிகள் எல்லாரும் முறைப்படி தியானம் பயின்றவர்கள் என்ற அவருடைய வாதம் சான்றுகளைத் தாண்டிப் போகிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் தேடிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அவர் கதவைத் திறந்தார். 1990இல் ரபிகளும் அறிஞர்களும் அடங்கிய குழு தரம்சாலா சென்று தலாய் லாமாவைச் சந்தித்தது. நாடிழந்த மக்கள் சமயத்தை எப்படிக் காத்தீர்கள் என்று அவர் அவர்களிடம் கேட்க, எங்கள் இளைஞர்கள் ஏன் உங்களிடம் வருகிறார்கள் என்று அவர்கள் யோசித்தார்கள்.

யோகாவும் விபாசனாவும் யூதர் செய்யலாமா?

ரபிகளிடையே ஒரே கருத்து இல்லை. வேறு தெய்வத்தின் பெயரைச் சொல்வதும், குருவின் படத்துக்கு முன் பூசை செய்வதும் அவர்கள் வேதமான தோராவின் கடும் விலக்குகளைத் தொடுகின்றன, அதில் கடைப்பிடிப்புள்ள யூதர் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர்களுக்கு அது உயிர்போனாலும் மீறக்கூடாத எல்லை என்பதை நம் பக்கத்திலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். உடற்பயிற்சியாக, மூச்சாக மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதிப்பவர்கள் பலர். 1979இல் ஹபாத் குரு மெனாகெம் மெண்டெல் ஷ்னியர்சன், தியானத்தால் மனநலத்துக்கு நன்மை உண்டு, அந்நிய வழிபாடு கலவாத வடிவில் அதை மருத்துவர்களும் உளவியலாளர்களும் தர வேண்டும் என்று பொதுவில் பேசினார்.

துறவு? ஆசிரமம்?

முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா அருகே, ஆறு நாள் தனிக்குடிலிலும் ஏழாம் நாள் கூட்டாகவும் வாழ்ந்த ஒரு யூதக் குழுவைப் பற்றி யூதத் தத்துவ அறிஞர் ஃபைலோ எழுதியிருக்கிறார். அது நிலைக்கவில்லை. திருமணமும் பிள்ளைகளும் கட்டளை. முழுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். கூட்டத்தைவிட்டுப் பிரியாதே என்றார் பழங்கால யூத ஆசான் ஹில்லெல். தனிமை ஒரு மணி நேரத்துக்கு, வாழ்க்கை ஊரோடு.

யூதர் அல்லாதவர் இதில் எதையாவது பழகலாமா?

தாலித்தும், கையிலும் நெற்றியிலும் கட்டும் வேதப் பேழைகளான தெஃபிலினும் அவர்கள் உடன்படிக்கையின் அடையாளங்கள், நமக்கு உரியவை அல்ல. இறைப்பெயர்ச் சேர்க்கைகளை ஆசிரியர் இல்லாமல் தொடக்கூடாது என்பது அவர்கள் விதி, அதை மதிப்போம். மற்றவற்றில் தடை ஏதும் இல்லை. பியாசெச்னோ ரபியின் கடிகார முள்ளில் தொடங்கலாம். தூக்கம் வராத இரவுக்கு மைமோனிதீஸ் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம். கடவுளை நம்புகிறவர் என்றால் நஹ்மானின் வழியைச் சிபாரிசு செய்வேன். ஒரு மணி நேரம் முதல் வாரத்தில் முடியாது, பத்து நிமிடம் போதும். ஆள் இல்லாத மொட்டை மாடி கிடைத்தால் நல்லது. எழுதிவைத்ததைப் படிக்காமல், வீட்டில் பேசும் தமிழிலேயே, வாய்விட்டுப் பேசுங்கள்.